உப்புக் காற்றில் ஒரு சாதுவான பெட்ரோல் கார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டு வண்டி 2013 மாடல், சின்ன பெட்ரோல் கார். போன வருடம் தக்கலையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அதை மேலே தூக்கி, அடியில் டார்ச் அடித்துக் காட்டினார் மெக்கானிக். ஸ்க்ரூடிரைவர் பட்ட இடத்திலெல்லாம் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. "இஞ்சின் இன்னும் பத்து வருசம் ஓடும் அண்ணே. அடிதான் போச்சு" என்றார். குமரி மாவட்டத்தில் நான் பார்த்த பழைய வண்டிகள் பலவற்றின் கதையும் இதுதான். ஒரு பக்கம் கடல், வருடத்தில் இரண்டு பருவமழை. ஆர்ப்பாட்டமில்லாத குடும்ப வண்டி சத்தம் காட்டாமல் ஓடிக்கொண்டே இருப்பதால் அதைக் குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இங்கே பரவலாக நடக்கிற தவறு, நல்லெண்ணத்தில் செய்வது. மகன் வளைகுடாவில் இருப்பான், வண்டி ஷெட்டில் நிற்கும். பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று அப்பா வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுவார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. காலையில் சைலன்சர் நுனியில் சொட்டுவது அந்தத் தண்ணீர்தான், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ஐந்து நிமிடத்தில் சைலன்சர் முழுவதும் சூடேறாது. ஆவி உள்ளேயே குளிர்ந்து தேங்கி, சைலன்சரை உள்ளிருந்து அரிக்கும். இன்ஜின் ஆயிலிலும் ஈரமும் எரியாத பெட்ரோலும் கலக்கும். ஸ்டார்ட் செய்யச் செலவான கரண்ட்கூட பேட்டரிக்குத் திரும்பி வந்திருக்காது. வாரம் ஒருமுறை நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி வரை, 20 கிலோமீட்டர், ஓட்டிப் போய்த் திரும்பி வாருங்கள். அதற்கு ஆள் இல்லையென்றால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியைச் சும்மா விடுவதே மேல். மழைக்காலத்தில் நாள் கணக்கில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போட்டு வைக்காதீர்கள், பின் டிரம்மில் பிரேக் ஷூ ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தால் போதும்.

அடுத்தது கதவு. முன்கதவைத் திறந்து, அதன் அடி விளிம்பைக் குனிந்து பாருங்கள். நீளவாக்கில் இரண்டு மூன்று சிறு துளைகள் தெரியும். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேறும் வழி அது. செம்மண்ணும் சருகுத் தூளும் அதை அடைத்துவிடும். கதவை ஆட்டினால் உள்ளே தண்ணீர் களக் களக்கென்று சத்தம் கேட்டால் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். தென்னை ஈர்க்குச்சி ஒன்று போதும், குத்திவிட்டால் கலங்கல் தண்ணீர் வடியும். எங்கள் வண்டியில் பின்கதவில் நான் இதைச் செய்யத் தவறினேன். விளிம்பில் பெயிண்ட் கொப்புளம் கட்டிய பிறகுதான் தெரிந்தது. வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளமும் இப்படித்தான். மாமரத்தடியிலோ சக்கை (பலா) மரத்தடியிலோ நிறுத்துகிறவர்கள் அங்கே சேரும் இலைகளை வாரம் ஒருமுறை அள்ளிவிட வேண்டும்.

துருவுக்குப் பயந்து அடியில் கோட்டிங் அடிக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் சேற்றைக் கழுவாமல், ஈரம் காயாமல், பழைய துருவைச் சுரண்டாமல் மேலே பூசினால் துரு அதற்குள் மூடப்பட்டு நிம்மதியாக வளரும். அவசரமாக அடிப்பவர்கள் வடிகால் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்துச் செய்விக்க வேண்டிய வேலை இது. முட்டம், குளச்சல் மாதிரி கடற்கரை ஊருக்குப் போய் வந்தால் மேலே பளபளப்பாகத் துடைத்தால் போதாது, சக்கர வளைவுக்குள்ளும் அடியிலும் நல்ல தண்ணீர் பீய்ச்ச வேண்டும். கடலோர வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவுவதால் பயனில்லை. நனைந்த வண்டிக்குக் கவர் போடுவதும் கூடாது.

மீன் விஷயத்தை நம் ஊரில் சொல்லாமல் இருக்க முடியாது. கடற்கரையில் வாங்கிய மீனைப் பிளாஸ்டிக் பையில் கட்டி டிக்கியில் போடுகிறோம். பையில் ஒரு முள் குத்தினால் போதும், உப்பும் ரத்தமும் கலந்த தண்ணீர் கார்பெட்டுக்கு அடியில் ஸ்டெப்னிக் குழிக்குள் இறங்கிவிடும். நாற்றம் ஒரு வாரத்தில் போய்விடும், உப்பு போகாது. மூடியுள்ள வாளி ஒன்றை டிக்கியிலேயே வைத்திருங்கள். மாதம் ஒருமுறை ஸ்டெப்னியை வெளியே எடுத்துக் குழியைத் தடவிப் பாருங்கள்.

"வருசத்துக்கு நாலாயிரம்தான் ஓடுது, பத்தாயிரம் ஆகட்டும்" என்று சர்வீஸைத் தள்ளிப்போடுவது பலருக்கும் பழக்கம். வண்டியோடு வந்த சர்வீஸ் புத்தகத்தில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது என்று போட்டிருக்கும். சர்ச்சுக்கும் சந்தைக்கும் மட்டும் போகிற வண்டிக்கு வருடக் கணக்குதான் பொருந்தும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

மழை நாளில் தேங்கிய தண்ணீருக்குள் இன்ஜின் அணைந்துவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி மேட்டில் ஏற்றி, ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போங்கள். சாதாரண இன்சூரன்ஸில் இந்த இன்ஜின் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் வராது. இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் கவரைப் பாலிசி புதுப்பிக்கும்போதே சேர்க்க வேண்டும். வண்டி நின்ற பிறகு சேர்க்க வழியில்லை.

நாகர்கோவில்–திருநெல்வேலி சாலையில் வரும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே முப்பந்தலில் அவ்வளவு காற்றாலைகள் நிற்பதற்குக் காரணம் அந்தக் காற்றுதான். நம் குடும்ப வண்டிகள் உயரமானவை, எடை குறைந்தவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை நாற்கரச் சாலையில் ஒரு லாரியை முந்தும்போது அதன் மறைவு முடிகிற நொடியில் பக்கக் காற்று வண்டியை ஒரு அடி தள்ளும். டயரில் காற்று குறைந்திருந்தால் இன்னும் மோசம். மேலே கேரியரில் சாமான் கட்டிக்கொண்டு அங்கே நூறில் போகாதீர்கள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க, முப்பந்தல் தாண்டும்வரை எழுபதுக்குள் போங்கள்.