புது ரோட்டவேட்டர்: எந்தக் குறையோடு எடுத்துக்கொள்ளலாம், எதைத் திருப்பிவிட வேண்டும்

டிராக்டரின் பின்னால் மாட்டி, சுழலும் பிளேடுகளால் மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் கருவிதான் ரோட்டவேட்டர். குறையே இல்லாத ரோட்டவேட்டர் எந்தக் கம்பெனியிலிருந்தும் வருவதில்லை. பெயின்ட் வழிந்திருக்கும், வெல்டிங் ஓரத்தில் இரும்புத் துளிகள் மணிமணியாக ஒட்டியிருக்கும், லாரியில் சங்கிலி உரசிய தழும்பு இருக்கும். இதற்கெல்லாம் கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு, ஃபிளாஞ்ச் (பிளேடுகளை மாட்டும் வட்டத் தகடு) அடியில் இருக்கும் மயிரிழை விரிசலோடு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. எந்தக் குறையைப் பார்த்தாலும் ஒன்றைக் கேளுங்கள்: ஓட ஓட இது வளருமா, இருந்தபடியே இருக்குமா? இருந்தபடி இருப்பதை விட்டுவிடலாம். வளர்வதைக் கடை வாசலிலேயே நிறுத்த வேண்டும்.

சேலம் பக்கம் இதில் கூடுதல் கண்டிப்பு தேவை. சேர்வராயன் மலை அடிவாரச் செம்மண்ணில் கல் கிடக்கும். பிளேடு கல்லில் மோதும் அதிர்ச்சி ஃபிளாஞ்ச் வெல்டிங், ஃபிளாஞ்சுகளைத் தாங்கிச் சுழலும் ரோட்டர் குழாய், பேரிங் என்று ஒவ்வொன்றாக ஏறிப் போகும். கல்லில்லாத நிலத்தில் நாளைக் கடத்திவிடும் அரைகுறை வெல்டிங் இங்கே சீக்கிரம் வாய் பிளக்கும்.

சோதிக்க டேப், சாக்பீஸ், டார்ச், சின்ன சுத்தியல், பழந்துணி போதும். டிராக்டரில் மாட்டித் தூக்கியிருந்தால் இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிட்டு, ரோட்டவேட்டருக்கு அடியில் இரண்டு பக்கமும் கனமான மரக்கட்டை கொடுத்த பிறகே கையை உள்ளே விடுங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பக் கூடாது.

வெல்டிங்

அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். மேடுபள்ளமான வெல்டிங், ஒட்டிய துளிகள், தனித்தனியாக ஒன்றிரண்டு ஊசித் துவாரங்கள் எல்லாம் பார்க்க அசிங்கமே தவிர, பலத்தைப் பெரிதாகக் குறைக்காது. துவாரங்கள் வரிசையாக இருந்தால் விஷயம் வேறு. வெல்டிங் ஓரத்தில் தகட்டை அரித்ததுபோல நீளப் பள்ளம் இருந்தாலும் அப்படித்தான். விரிசல் அந்தப் பள்ளத்தில்தான் பிறக்கும். விரிசலில் சின்னது, பெரியது என்று பேச்சே இல்லை. எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.

ரோட்டர் குழாயில் ஃபிளாஞ்ச் சேரும் வளையம், டாப் லிங்க் (டிராக்டரின் மேல் இணைப்புக் கம்பி) மாட்டும் கொம்பின் அடி, பக்கத் தகடு ஃபிரேமோடு சேரும் மூலை ஆகிய மூன்றையும் கட்டாயம் பாருங்கள். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் டீசல் தடவி ஐந்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன டீசல் திரும்பக் கசிந்து, வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடாகத் தெரியும். பெயின்ட்டுக்கு அடியில் பட்டி பூசி மறைத்திருப்பதாகத் தோன்றினால் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். பட்டியாக இருந்தால் செதில் செதிலாக உதிரும்.

ரோட்டரும் பிளேடும்

5 அடி ரோட்டவேட்டரில் பெரும்பாலும் 36 பிளேடு, 6 அடியில் 42. ஃபிளாஞ்சுக்கு ஆறு என்று எண்ணிப் பாருங்கள். பிளேடுகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருகுபோலச் சுற்றிப் போக வேண்டும். ஒன்று மாறி மாட்டியிருந்தாலும் பல பிளேடு ஒரே நேரத்தில் மண்ணில் விழுந்து வண்டி உதறும். இது கழற்றி மாட்டினால் தீர்கிற விஷயம். மெஷினைத் திருப்ப வேண்டியதில்லை.

அடுத்து, ஒரு செங்கல்லை அருகே வைத்து ரோட்டரைக் கையால் சுற்றி, ஒவ்வொரு பிளேடு நுனியும் எவ்வளவு தள்ளிப் போகிறது என்று பாருங்கள். 5 மி.மீ. வரை ஏற்ற இறக்கம் இருந்தால் ஏற்கலாம். 10 மி.மீ. தாண்டினால் அந்தப் பிளேடு வளைந்திருக்கிறது, மாற்றச் சொல்லுங்கள். பிளேடை விட்டுவிட்டுக் குழாயையே இப்படிப் பாருங்கள். வெல்டிங் சூட்டில் 2 மி.மீ. கோணியிருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் கண்ணுக்கே ஆட்டம் தெரிந்தால் பேரிங்கும், ஆயில் கசியாமல் தடுக்கும் சீலும் சாகும். அந்த மெஷின் வேண்டாம்.

பிளேடு போல்ட்டின் தலையில் வலிமையைக் காட்டும் எண் பொறித்திருக்கும்; அது 8.8 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பிளேடுக்கும் ஃபிளாஞ்சுக்கும் நடுவே கெட்டியாகப் பெயின்ட் இருந்தால், ஓடும்போது அது நசுங்கி போல்ட் லூஸாகும். அதனால் முதல் இரண்டு மணி நேரத்திலும், பிறகு பத்து மணி நேரத்திலும் எல்லாப் பிளேடு போல்ட்டையும் ஸ்பேனர் போட்டு இறுக்குங்கள்.

மாட்டும் இடம்

சின்ன டிராக்டருக்கு லோயர் லிங்க் (கீழ் இணைப்புக் கைகள்) மாட்டும் பின்னின் விட்டம் 22 மி.மீ., பெரியதற்கு 28. டாப் லிங்க் பின் முறையே 19, 25. பின் துவாரத்தில் ஒரு மி.மீ. ஆட்டம் சகஜம். இரண்டு தகட்டுத் துவாரமும் நேராக இல்லாமல் சுத்தியலால் அடித்தால்தான் பின் நுழைகிறது என்றால் ஃபிரேம் கோணல்.

டிராக்டர் இன்ஜினின் சுழற்சியை ரோட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் நீளத்தைப் பார்க்காமல் மாட்டுவதால் வரும் சேதத்தைப் பலரும் கம்பெனிக் குறை என்று நினைக்கிறார்கள். ஷாஃப்ட் மிகவும் சுருங்கும் நிலையிலும் 25 மி.மீ. இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். மிகவும் நீளும் நிலையில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்க வேண்டும். நீளம் கூடிய ஷாஃப்ட் கியர்பாக்ஸை இடித்துக்கொண்டே இருந்து முன்பக்க சீலைக் கிழிக்கும். நடுக் குழாய்களின் முனைகளில் இருக்கும் இரண்டு கவைகளும் (Y வடிவ முனைகள்) ஒரே தளத்தில் இருக்க வேண்டும். சதுரக் குழாயாக இருந்தால் கால் சுற்று மாறி மாட்டிவிட வாய்ப்புண்டு, பிறகு எந்த வேகத்திலும் அதிரும்.

கியர்பாக்ஸ்

ஆயில் அளவைப் பார்த்த பிறகே ஓட்டுங்கள். சில மெஷின் ஆயில் ஊற்றாமலே வரும். காற்றுப் போகும் மூடியில் போக்குவரத்துக்காக அடைப்பு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் சூட்டில் அழுத்தம் ஏறி, நல்ல சீலிலும் ஆயில் கசியும்.

மண்ணில் இறக்காமல், பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றில் 15 நிமிடம் ஓட்டுங்கள். சீல் ஓரத்தில் ஈரம் படர்ந்திருந்தால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். சொட்டினால் சீலை மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒரே சீரான இரைச்சல் சகஜம். சுற்றுக்கு ஒரு முறை ‘டக்’ என்று விழுந்தால் கியர் பல்லில் கோளாறு. உயரத் தூக்கும்போது மட்டும் கடகடத்தால் அது ஷாஃப்ட் கோணம் கூடியதால் வரும் சத்தம், குறையல்ல. ஓட்டம் முடிந்து கியர்பாக்ஸில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கலாம். சும்மா ஓடியதற்கே கையை வைக்க முடியாதபடி சுட்டால் பேரிங் இறுக்கம் சரியில்லை.

ஏற்றுக்கொண்ட குறையையும் டெலிவரி சீட்டில் எழுதி, சீரியல் நம்பர் தகட்டோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி இருக்கும்போது பட்டறையில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை எங்கோ மாட்டினால் கரண்ட் பேரிங் வழியே பாய்ந்து உருளைகளில் புள்ளி விழும்.

50 மணி நேரம் ஓடியதும் முதல் ஆயிலை வெள்ளைத் துணி வழியாக வடிகட்டுங்கள். சாம்பல் நிற மசி கியர்கள் ஒன்றோடொன்று பழகியதற்கு அடையாளம். விரலில் குத்தும் இரும்புச் சில்லு இருந்தால், சில்லையும் கொஞ்சம் ஆயிலையும் பாட்டிலில் அடைத்து டீலரிடம் கொண்டுபோங்கள்; கியர்பாக்ஸைத் திறந்து பார்க்கும்வரை மெஷினை ஓட்டாதீர்கள்.