கிட்னிக் கட்டி ஆபரேஷனில் அல்ட்ராசவுண்ட்: எங்கே சறுக்குகிறது?

குன்னூர், கோத்தகிரி பக்கம் கிட்னியில் கட்டி என்று தெரிந்தால் பலரும் கோவைக்குத்தான் இறங்குகிறார்கள். கிளம்புகிற அவசரத்தில் ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு, சி.டி. ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க்கை பீரோவிலேயே விட்டுவிடுவார்கள். கட்டி ரத்தக்குழாயை எப்படி ஒட்டிக் கிடக்கிறது என்று சர்ஜன் தன் கண்ணால் பார்த்தாக வேண்டும். தாளில் அது வராது.

அப்புறம் வருவது, "அதான் சி.டி. எடுத்தாச்சே, ஆபரேஷன் டேபிளில் எதுக்கு இன்னொரு ஸ்கேன்?" என்கிற பேச்சு. 4 செ.மீ.க்குள் உள்ள கட்டி என்றால், முடிந்தவரை கட்டியை மட்டும் எடுத்து மீதிக் கிட்னியைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். லேப்ராஸ்கோப்பியிலும் ரோபோவிலும் விரலால் தடவிப் பார்க்க வழியில்லை. கட்டி உள்ளே புதைந்திருந்தால் கேமராவுக்கும் தெரியாது. நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கிட்னியைச் சுற்றிப் பிரித்துவிட்ட பிறகு, அது சி.டி.யில் இருந்த நிலையில் இருக்காது. அதனால்தான் துளை வழியாக அல்ட்ராசவுண்ட் கருவியின் சின்ன முனையை, அதாவது புரோபை, இறக்கி கிட்னி மேலேயே வைத்துப் பார்க்கிறார்கள்.

இதில் டாக்டர்கள் பக்கமும் தவறு நடக்கும். கட்டியின் எல்லை தெரிய கொழுப்பை விலக்கத்தான் வேண்டும். ஆனால் கட்டியின் தலைமேல் உள்ள கொழுப்பையும் சேர்த்து உரித்துவிடக் கூடாது. புற்றுநோய் கொழுப்புக்குள் பரவியிருக்கிறதா என்று நோய்க்குறியியல் நிபுணர் பார்ப்பது அதில்தான். புரோபுக்கும் கிட்னிக்கும் நடுவே காற்று புகுந்தால் படம் கெட்டுவிடும். கொஞ்சம் சலைன் விட்டால் தீரும். ஒரே திசையில் ஓட்டிப் பார்த்து எல்லையை முடிவு செய்வது இன்னொரு சறுக்கல். குறுக்கும் நெடுக்குமாகப் பார்த்தால்தான் ஆழம் பிடிபடும். ஒரு கட்டி கிடைத்ததும் புரோபை வெளியே எடுத்துவிடுவதும் சரியில்லை, அதே கிட்னியில் இன்னொன்று ஒளிந்திருக்கலாம்.

என்னைக் கேட்டால் பெரிய தவறு நேரத்தில்தான். வெட்டும் கோட்டைக் காட்டரியால் (சுடும் கருவி) குறித்து முடித்த பிறகுதான் ரத்தக்குழாய்க்குக் கிளாம்ப் (ரத்தத்தை நிறுத்தும் கிடுக்கி) போட வேண்டும். போட்டுவிட்டுத் தேட ஆரம்பித்தால் கிட்னி ரத்தமில்லாமல் காத்துக்கிடக்கும். 25 முதல் 30 நிமிடத்துக்குள் முடிக்கத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். கிளாம்ப் போட்டதும், ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளரில் ஒரு நொடி பார்ப்பது நல்லது. நிறம் இன்னும் ஓடினால் கிளாம்ப் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது இன்னொரு தமனி தப்பியிருக்கிறது.

"ஸ்கேனில் ஓரம் சுத்தம்" என்றால் வேலை முடிந்ததாக வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். கட்டி முழுதாக வந்ததா என்பதை பயாப்சி ரிப்போர்ட்தான் சொல்லும். டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே ஹேர்பின் வளைவுகளில் ஏறி ஊருக்கு வந்துவிடுவதும் வேண்டாம். வெட்டிய இடத்தில் ஓரிரு வாரம் கழித்துக்கூட ரத்தம் கசியலாம். எப்போது மலையேறலாம் என்று சர்ஜனிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வந்த பிறகு சிறுநீர் சிவப்பாகப் போனாலோ தலை சுற்றினாலோ, இரவென்று பார்க்காமல் பக்கத்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.