வள்ளம் இழுக்குற பிக்கப்புக்கு ஷாக் அப்சார்பர் மாத்துறது எப்படி? முதல் தடவ கை வைக்கிறவங்களுக்கு

போன மாசம் தேங்காப்பட்டணத்துல இருந்து சின்னமுட்டத்துக்கு எங்க மாமாவோட ஃபைபர் வள்ளத்த டிரெயிலர்ல ஏத்தி நம்ம பிக்கப்புல கட்டி இழுத்துட்டு வந்தேன். வில்லுக்குறிகிட்ட ஒரு ஸ்பீடு பிரேக்கர், பையதான் ஏத்தி இறக்குனேன், ஆனா இறங்குன பொறவும் வண்டி நிக்கல, மூக்கு மேல பின்பக்கம் கீழ, பின்பக்கம் மேல மூக்கு கீழன்னு நாலஞ்சு தடவ ஆடிட்டுதான் அடங்குச்சு, டேஷ்போர்டுல இருந்த பழம்பொரி பொட்டலம் நேரா மாமா மடியில. "எலேய், இது வண்டியா வள்ளமா, கடல்ல கூட இப்பிடி ஆடாதுடே"ன்னாரு. அடுத்த வாரமே பின் ஷாக் ரெண்டையும் வீட்டு முற்றத்துல வச்சு நானே மாத்திட்டேன், முன்னாடி ரெண்ட மட்டும் ஒர்க் ஷாப்புல குடுத்தேன், ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம் மண்டைல ஏத்திக்கோங்க மக்கா. ஷாக் அப்சார்பர் எடை தாங்காது. எடைய தாங்குறது ஸ்பிரிங், அதாவது பின்னாடி இருக்குற லீஃப் பிளேட்டு. பிளேட்டு அமுங்கி திரும்ப துள்ளும்லா, அந்த துள்ளல அடக்குறதுதான் ஷாக்கோட வேலை. உள்ள ஒரு பிஸ்டன், சின்ன சின்ன வால்வு, சுத்தி ஆயில். பிஸ்டனோட ராடு, அதாவது கம்பி, ஏறி இறங்கும்போது ஆயில் அந்த வால்வோட சின்ன ஓட்டை வழியா கஷ்டப்பட்டு போகும், அந்த கஷ்டம் சூடா மாறி வெளிய போயிரும், ஆட்டம் நிக்கும். அவ்வளவுதான் கதை. அதனால வள்ளத்த கட்டுனதும் வண்டியோட பின்பக்கம் உக்காந்து போச்சு, ஹெட்லைட் தென்னமர உச்சிக்கு அடிக்குதுன்னா எவ்வளவு விலை குடுத்து ஷாக் வாங்கி போட்டாலும் சரியாகாது, அது பிளேட்டு தளர்ந்ததா இருக்கும், இல்ல எடை ஜாஸ்தி, இல்ல எடை வச்ச இடம் தப்பு.

ஸ்டெப் 1: ஷாக் வாங்குறதுக்கு முன்னாடி எடை மேடைக்கு போங்க

எல்லாரும் இத விட்டுருவாங்க. டிரெயிலர் மொத்த எடைல 10ல இருந்து 15 சதவீதம் வண்டியோட கொக்கி மேல இறங்கணும். 1000 கிலோன்னா 100ல இருந்து 150 கிலோ. அத விட ரொம்ப கம்மியா இருந்தா டிரெயிலர் வாலாட்டும், அதிகமா இருந்தா வண்டி பின்பக்கம் அமுங்கி ஸ்டியரிங் காத்துல பிடிக்கிற மாதிரி லேசா ஆயிரும். ரெண்டுக்கும் ஷாக் மருந்து இல்ல.

அளக்குறது ஈஸி. டிரெயிலர் கட்டுன மாதிரியே பிக்கப்ப மட்டும் எடை மேடைல ஏத்துங்க, டிரெயிலர் சக்கரம் மேடைக்கு வெளிய நிக்கணும். ஒரு எடை. பொறவு டிரெயிலர கழட்டி வெளிய விட்டுட்டு பிக்கப்ப மட்டும் திரும்ப ஏத்துங்க, பெட்ல, அதாவது பின்னாடி சரக்கு ஏத்துற இடத்துல, இருக்குற சாமான தொடாதீங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கி மேல இறங்குற எடை. எனக்கு டிரெயிலரும் வள்ளமும் சேந்து 980 கிலோ, கொக்கில வெறும் 50. காரணம், வள்ளத்தோட பின்பக்கம் மோட்டர் தொங்கிட்டு கிடந்துச்சு. மோட்டர கழட்டி பிக்கப் பெட்ல கேபின ஒட்டி வச்சேன், வள்ளத்த டிரெயிலர்ல அணியம், அதாவது வள்ளத்தோட மூக்கு, பக்கமா கொஞ்சம் முன்னால தள்ளி கட்டுனேன், 105 வந்துச்சு. அப்பவே பாதி ஆட்டம் போச்சு, ஒத்த ரூபா செலவில்லாம.

அப்பிடியே எல்லா டயருக்கும் காத்தும் பாருங்க, டிரெயிலர் டயர் உட்பட. அத யாருமே பாக்க மாட்டாங்க.

ஸ்டெப் 2: ஷாக் செத்துருச்சான்னு பாக்குறது

பம்பர அமுக்கி விட்டு எத்தன தடவ துள்ளுதுன்னு பாக்குற பழைய டெஸ்ட் காருக்கு கொஞ்சம் ஒத்து வரும், காலி பிக்கப்புல பிளேட்டு கெட்டியா இருக்குறதால நீங்க ஏறி குதிச்சாலும் அசையாது. அதனால கீழ குனிஞ்சு பாருங்க. ஷாக் உடம்புல ஆயில் வடிஞ்சு மண்ணு அப்பி இருக்கா, ராடுல துரு குழி இருக்கா, மேலயும் கீழயும் உள்ள ரப்பர் புஷ் வெடிச்சுருக்கா. டயர கையால தடவி பாருங்க, மேடும் பள்ளமுமா படி படியா தேஞ்சுருந்தா பெரும்பாலும் ஷாக்தான். கடற்கரைல ஓடுற வண்டின்னா ராட கட்டாயம் பாக்கணும், உப்பு பட்டு ராடுல ஒரு சின்ன குழி விழுந்தாலும் அது ஏறி இறங்கும்போது ஆயில் சீல கிழிச்சுரும். என் இடது ஷாக் அப்பிடித்தான் செத்துச்சு.

ஸ்டெப் 3: எந்த ஷாக் வாங்கணும்

கம்பெனில வர்றது பெரும்பாலும் ட்வின் ட்யூப், ஒரு குழாய்க்குள்ள இன்னொரு குழாய். ஓயாம வேலை செஞ்சா ஆயில் சூடாகி நுரைக்கும், நுரைச்ச ஆயில் ஓட்டைல சும்மா போயிரும், ஷாக்கு பிடிமானம் போயிரும். அதுக்குத்தான் நைட்ரஜன் கேஸ் அடைச்ச ஷாக், கேஸ் அழுத்தத்துல ஆயில் லேசுல நுரைக்காது. அதுக்கும் மேல மோனோ ட்யூப், ஒரே குழாய், சூடு நேரா வெளிய போயிரும், இழுவைக்கு நல்லது, ஆனா விலை கூட, குழாய்ல கல்லு அடிச்சு நசுங்குனா பிஸ்டன் அங்கயே மாட்டிக்கும். திருகி கெட்டி கூட்டி குறைக்கிற ஷாக்கும் கிடைக்கு.

என் அபிப்பிராயம் கேட்டா, மாசம் ஒண்ணு ரெண்டு தடவ இழுக்குறவங்களுக்கு கேஸ் ட்வின் ட்யூப் போதும். தினமும் இழுக்குறவங்க மோனோ ட்யூப் போங்க. இருக்குறதுலயே கெட்டியானத வாங்கி மாட்டுறாங்க சிலர், அது வேண்டாம், வள்ளம் இல்லாம காலியா போகும்போது நம்ம குண்டு குழி ரோட்ல பின்பக்கம் தவளை மாதிரி குதிக்கும். ராடுக்கு மேல உறை இருக்குற மாடலா கேளுங்க, உப்புக்காத்துக்கு நல்லது. வாங்கும்போது ஒரு ஆக்சிலுக்கு ரெண்டும் சேத்து வாங்கணும், ஒண்ணு புதுசு ஒண்ணு பழசு வேண்டவே வேண்டாம்.

நீளம் பாக்காம வாங்காதீங்க. நான் முதல்ல போன கடைல "அதே சைஸ்தான் தம்பி"ன்னு குடுத்தாங்க, வீட்ல வந்து பழசு பக்கத்துல வச்சு பாத்தா ஒன்றரை இஞ்ச் குட்டை. குட்டையா இருந்தா சக்கரம் குழில இறங்கும்போது ராடு முழுசா நீண்டு வெட்டி இழுக்கும், மவுண்டே பிடுங்கிட்டு வரும். நீளமா இருந்தா அமுங்கும்போது அடி தட்டும். வண்டி சமதளத்துல நிக்கும்போது மேல போல்ட்டுக்கும் கீழ போல்ட்டுக்கும் நடுவுல டேப் வச்சு அளங்க, அந்த அளவு புது ஷாக்கோட முழு நீளத்துக்கும் முழுசா அமுங்குன நீளத்துக்கும் கிட்டத்தட்ட நடுவுல வரணும். போல்ட்டு சைஸும் பாத்துக்கோங்க.

ஸ்டெப் 4: துரு பிடிச்ச போல்ட்டு, உண்மையான வேலை இங்கதான்

வீடியோல பாத்தா அஞ்சு நிமிஷத்துல கழட்டிருவாங்க. அவங்க ஊர்ல கடல் இல்ல. என் வண்டி குளச்சல்லயும் முட்டத்துலயும் உப்புத்தண்ணிக்குள்ள பின்பக்கமா இறங்கி வள்ளம் எடுத்த வண்டி, கீழ போல்ட்டும் நட்டும் ஒண்ணாவே ஆயிருந்துச்சு. வலது பக்கம் இருபது நிமிஷம், இடது பக்கம் காலைல ஏழு மணிக்கு ஆரம்பிச்சு பதினொண்ணு ஆச்சு.

முந்துன நாள் ராத்திரியே கம்பி பிரஷ் போட்டு மரைய தேச்சு விட்டு துரு இளக்குற ஸ்பிரே அடிச்சுருங்க, காலைல திரும்ப ஒரு தடவ. ஸ்பானர் போட்டு ஒரேயடியா ஏறி மிதிக்காதீங்க, முதல்ல இறுக்குற பக்கம் ஒரு இம்மி, பொறவு கழட்டுற பக்கம் கொஞ்சம், இப்பிடி முன்னயும் பின்னயும் ஆட்டுனா துரு பொடிஞ்சு உதிரும், அந்த நேரம் ஒரு கிறீச் சத்தம் வரும் பாருங்க, அதுதான் நல்ல சகுனம். ரிங் ஸ்பானர் இல்ல சாக்கெட் போடுங்க, ஓப்பன் ஸ்பானர் போட்டா நட்டு மூலை மழுங்கிரும். நட்டு வந்தும் போல்ட்டு வரலன்னா நட்ட ரெண்டு மரை மட்டும் திரும்ப ஏத்தி அது மேல சுத்தியலால தட்டுங்க, மரை கெடாது.

கேஸ் வெல்டிங் தீயக் காட்டி இளக்குறத மட்டும் வீட்ல செய்யவே செய்யாதீங்க. கேஸ் அடைச்ச ஷாக் சூடானா வெடிக்கும், பக்கத்துலயே டீசல் டேங்க் வேற. வரவே இல்லன்னா வண்டிய ஒர்க் ஷாப்புக்கு எடுத்துட்டு போங்க, அதுல கவுரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல.

ஸ்டெப் 5: மாத்துறது

பின்னாடி லீஃப் பிளேட்டு உள்ள பிக்கப்புக்கு நல்ல செய்தி, நிறைய வண்டில பின் ஷாக் மாத்த வீல தூக்கவே வேண்டாம். எடைய பிளேட்டு தாங்கும், சக்கரம் தரைல இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டு கியர்ல விட்டு முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை வச்சுட்டு அடில போங்க. இடம் பத்தலன்னு தூக்கியே ஆகணும்னா சேசிஸ்க்கு கீழ ஸ்டாண்டு, ஆக்சில் ஹவுசிங்குக்கு அடில ஜாக்கி, செம்மண் முற்றம்னா அதுக்கும் கீழ தடி பலகை. வெறும் ஜாக்கிய நம்பி வண்டிக்கு அடில தலைய நீட்டாதீங்க, மழை பெஞ்ச மண்ணுல அது சரியும்.

ஒரு நேரத்துல ஒரு பக்கம். புது ஷாக் நாடா கட்டாத ட்வின் ட்யூப்னா மாட்டுறதுக்கு முன்னாடி நிமித்தி பிடிச்சு நாலஞ்சு தடவ முழுசா இழுத்து அமுக்குங்க, படுக்க வச்சதுல உள்ள ஏறுன காத்து போகும். கேஸ் ஷாக்க நாடா போட்டு அமுக்கி கட்டிதான் தருவாங்க, அத உடனே வெட்டிராதீங்க, மேல போல்ட்ட மாட்டி நட்ட கையால மட்டும் ஏத்திட்டு நாடாவ வெட்டுங்க, ராடு பைய நீண்டு வரும், ஷாக்கோட கீழ் நுனில இருக்குற கண்ணு, அதாவது வளையம், போல்ட்டு ஓட்டைக்கு நேரா வரும்போது டக்குன்னு பிடிச்சு மாட்டணும். தாண்டி போச்சுன்னா திரும்ப அமுக்க ரெண்டு ஆள் வேணும், எனக்கு தாண்டிதான் போச்சு, மாமாவ கூப்புட்டேன், ரெண்டு பேரும் சேந்து திட்டிக்கிட்டே அமுக்குனோம். போல்ட்டு மரைல கொஞ்சம் கிரீஸ் இல்ல துரு பிடிக்காத பேஸ்ட் தடவுங்க, அடுத்த தடவ கழட்டும்போது வாழ்த்துவீங்க.

கடைசி இறுக்கு எப்பவும் சக்கரம் தரைல, வண்டி எடை பிளேட்டு மேல இருக்கும்போதுதான். தொங்குற நிலைல இறுக்குனா ரப்பர் புஷ் முறுக்குன மேனிக்கே மாட்டிக்கும், வண்டி இறங்குனதும் எந்நேரமும் முறுகி சீக்கிரம் கிழியும். எவ்வளவு டார்க், அதாவது எவ்வளவு பலத்துல இறுக்கணும்னு வண்டி புக்குல பாத்து டார்க் ரெஞ்சு போடுங்க.

முன் ஷாக் ஏன் ஒர்க் ஷாப்புல குடுத்தேன்னா, என் வண்டில அது காயில் ஸ்பிரிங்குக்கு உள்ள இருக்கு. அமுங்கி இருக்குற அந்த ஸ்பிரிங் கைநழுவினா ஆளையே அடிச்சு தூக்கிரும், அந்த ஸ்பிரிங்க அமுக்கி பிடிக்க தனி கம்ப்ரெசர் வேணும், முதல் தடவ செய்றவங்க அதுல கை வைக்காதீங்க.

ஸ்டெப் 6: ஓட்டி பாக்குறது

முதல்ல காலியா, பொறவு டிரெயிலர் கட்டி அதே ஸ்பீடு பிரேக்கர்ல. இப்ப ஒரு தடவ அமுங்கி எழும்பி நின்னுரணும். ஆரல்வாய்மொழி பக்கம் போறவங்க மட்டும் கொஞ்சம் கவனம், ஆடி மாசம் கரண்ட் எடுக்குற காத்தாடிக்கு நடுவுல பக்கத்துல இருந்து அடிக்கிற காத்து வள்ளத்த பாய் மாதிரி பிடிச்சு தள்ளும், புது ஷாக் அத நிறுத்தாது, வேகத்த குறைக்கிறதுதான் வழி. வாலாட்ட ஆரம்பிச்சா பிரேக்க ஓங்கி மிதிக்காம, ஸ்டியரிங்க நேரா பிடிச்சு ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுங்க.

நூறு கிலோமீட்டர் ஓடுன பொறவு நட்டெல்லாம் ஒரு தடவ திரும்ப பாத்துருங்க. வள்ளம் இறக்குன அன்னைக்கே அடிப்பக்கம் நல்ல தண்ணி அடிச்சு கழுவணும், நாளைக்குன்னு விட்டா நடக்காது. அப்புறம் இழுத்துட்டு வந்து நிறுத்துன உடனே ரெண்டு பின் ஷாக்கையும் கையால தொட்டு பாருங்க, சூடா இருக்கலாம், பைய தொடுங்க. ரெண்டும் ஒரே மாதிரி சூடா இருந்தா ரெண்டும் வேலை செய்யுது, ஒண்ணு மட்டும் ஜில்லுன்னு இருந்தா அந்தப் பக்கத்த திரும்ப குனிஞ்சு பாருங்க.