மொய் நோட்டும் மண்டகப்படியும்: ஒரு சிறிய அறக்கட்டளையை நடத்தும் வழி

"யுபிஐ வழியாக ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் வந்திருக்கிறது. யார் யார் கொடுத்தது, அம்மா?" என்று ஆடிட்டர் கேட்டார். பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் எங்கள் சிறிய அறக்கட்டளையின் வங்கி அறிக்கையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பாதியில் வெட்டுப்பட்ட பெயர்கள், வெறும் எண்கள், ஓரிடத்தில் 'செல்லக்குட்டி1987'. "இது பெயர் ஆகாது" என்று சொல்லிவிட்டுக் கால்குலேட்டரை எடுத்தார்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் அஞ்சலகத்தில் வேலை பார்த்தவள் நான். முகவரி இல்லாத கடிதம் எங்கே போகும் என்று தெரியும். முகவரி இல்லாத பணம் எங்கே போகும் என்பது அன்றுதான் தெரிந்தது. கொடுத்தவரின் பெயரும் முகவரியும் பதிவில் இல்லையென்றால் அது அநாமதேய நன்கொடை. மொத்த நன்கொடையில் ஐந்து சதவீதம் அல்லது ஒரு லட்சம், இரண்டில் எது அதிகமோ அதுவரை விட்டுவிடுவார்கள். அதற்கு மேற்பட்டதற்கு முப்பது சதவீத வரி. அந்த ஆண்டு எங்கள் மொத்த வரவு ஆறு லட்சம். ஆகவே மிஞ்சிய 86,000 ரூபாய்க்கு 25,800 ரூபாய் வரி, அதன்மேல் செஸ் என்னும் கூடுதல் வரி. இரண்டு பிள்ளைகளின் கல்லூரி முதல் மாதச் செலவு அது.

தவறு எங்களுடையதுதான். கல்யாண மண்டப வாசலில் க்யூஆர் அட்டையை ஒட்டிவிட்டு, நவீனமாகிவிட்டோம் என்று சாப்பிடப் போய்விட்டோம்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். ஆடி மாதம், விருந்து வைத்து மொய்ப்பணம் திரட்டும் மொய் விருந்து நடக்கும் பகுதி. மொய் எழுதும் முறையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: முதலில் ஊர், பிறகு இனிஷியல், பெயர், தேவையென்றால் பட்டப்பெயர், கடைசியில் தொகை. முப்பது ஆண்டுக்கு முந்தைய நோட்டை எடுத்தாலும் யார் எவ்வளவு செய்தார் என்று ஒரு நொடியில் சொல்லிவிடலாம். இவ்வளவு கச்சிதமான நன்கொடைப் பதிவேட்டை வீட்டுக்கு வீடு வைத்துக்கொண்டு, அறக்கட்டளைக்கு மட்டும் அட்டையை ஒட்டினோம் பாருங்கள்.

இப்போது நாங்கள் செய்வது இது. க்யூஆர் அட்டை தனியாக எங்கும் நிற்காது. அட்டை இருக்கும் மேசையில் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் எழுதுவார், ஒருவர் கொடுப்பவரின் கைப்பேசியைப் பார்ப்பார். ஊர், பெயர், தெரு, தொகை, பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு இலக்கம் இவ்வளவும் நோட்டில் ஏறும். வரிச்சலுகை வேண்டும் என்பவரிடம் அங்கேயே பேன் எண்ணையும் வாங்கிவிடுவோம். அன்று இரவே வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்துவிட வேண்டும். மறுநாள் என்று தள்ளினால் நான்கு இலக்கத்தில் ஒன்று ஏழா, ஒன்றா என்று சண்டை வரும். ஆளில்லாமல் வெறுமனே வரும் பணத்துக்கு நான் கைப்பேசியில் துரத்துவேன். கிடைக்காவிட்டால் அநாமதேயம் என்று தனி வரிசையில் எழுதுவேன். அந்த வரிசை ஒரு லட்சத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

அட்டை அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு உரியதாக இருக்க வேண்டும். செயலாளரின் சொந்த எண்ணுக்கு அவசரத்துக்கு வாங்குவது, பிறகு மாற்றிக்கொள்வது என்பதெல்லாம் வேண்டாம். புயல் நேரத்தில் நல்ல மனிதர்கள்கூட இதைச் செய்து கெட்ட பெயர் வாங்கியிருக்கிறார்கள்.

ரொக்கம் தருபவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், கொடுப்பவரின் வரியைக் குறைக்கும் 80ஜி சலுகை கிடையாது. நன்கொடையாளர் பட்டியலை ஆண்டுதோறும் மே 31-க்குள் வருமான வரித் துறைக்கு ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் சான்றிதழ் எடுத்துக் கொடுக்க முடியும். நான் பழகிய எண்கள்: சலுகைக்கு 80ஜி, பட்டியலுக்கு 10பிடி, சான்றிதழுக்கு 10பிஇ. அவை 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தினுடையவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து எண்களெல்லாம் மாறிவிட்டன. உங்கள் ஆடிட்டரிடம் புதிய எண்களை வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். பெயரும் முகவரியும் கேட்கும் பழக்கம் எந்தச் சட்டத்திலும் வீணாகாது.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் வந்தது. புதிய வரித் திட்டம் என்பது மேலே சொன்ன புதிய சட்டம் அல்ல; பெரும்பாலான கழிவுகளை விட்டுவிட்டுக் குறைந்த விகிதத்தில் வரி கட்டும் முறை. அதில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவே இல்லை. மாதச் சம்பளக்காரர்கள் பலர் அதற்கு மாறிவிட்டார்கள். முன்பெல்லாம் பிப்ரவரி, மார்ச்சில் ரசீதுக்காகவே பணம் வரும். இப்போது அந்த இரண்டு மாதம் வறட்சி. வரியைக் காட்டிப் பணம் கேட்கும் துண்டறிக்கையை நான் கிழித்துப் போட்டுவிட்டேன்.

எதைக் கொடுப்பது என்பதற்கு வருகிறேன். இதில்தான் நாங்கள் நிறையத் தடுமாறினோம்.

2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா புயல் கரையேறியது. காலையில் பார்த்தால் தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. மூன்றாம் நாளிலிருந்து லாரிகள் வந்தன. தண்ணீர், ரொட்டி, மெழுகுவர்த்தி எல்லாம் தேவைதான். ஆனால் பழைய துணி! மூட்டை மூட்டையாக இறங்கியது. ஒரு மூட்டையைப் பிரித்தால் கோட்டும் கழுத்துப்பட்டையும். கூரை பறந்தவன் கழுத்துப்பட்டையை எதில் கட்டுவான்? 2004 சுனாமியின்போதும் நாகப்பட்டினம் சாலைகளில் இப்படித்தான் துணி குவிந்து கிடந்தது. கூஞ்ச் அமைப்பு அதைப் பிரித்தெடுத்து வேறு பயனுக்குக் கொண்டுபோனதைப் படித்திருக்கிறேன். நம்மிடம் அந்த ஆள்பலம் இல்லை. எனவே எங்கள் முதல் தீர்மானம், பொருள் வாங்குவதில்லை. பணம் மட்டும்.

2019-இல் அறக்கட்டளைப் பத்திரம் பதிந்தோம். நோக்கம், தோப்பு விழுந்த வீட்டுப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புவது. தென்னங்கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு ஆண்டு ஆகும். பட்டப்படிப்பு மூன்று ஆண்டில் முடிந்துவிடும் என்பது எங்கள் கணக்கு. ஆளுக்குப் பத்தாயிரம் என்று காசோலை கொடுத்தோம், மேடையில், மாலையோடு. கொடுத்த பிறகும் சிலர் போகவில்லை. ஏன் என்று கேட்க எனக்கு இரண்டு ஆண்டு பிடித்தது.

ஒரு பெண். திருச்சியில் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இடம் கிடைத்திருந்தது. கல்லூரிக் கட்டணம் சில ஆயிரம்தான், அதை மாமா கட்டிவிட்டார். அவளை நிறுத்தியது வேறு. அவள் அம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்து, வீட்டிலிருந்து கிளம்புவதிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொன்னேன். விடுதி முன்பணம் 6,000. முதல் மாதச் சாப்பாடு 3,200. பாய், தலையணை, வாளி, தட்டு, பூட்டு. பஸ் கட்டணம், மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்தில்தான், எங்கள் ஊரிலிருந்து திருச்சிக்குச் செல்லாது. எல்லாம் ஜூன், ஜூலையில் ஒரே மூச்சில் வேண்டும். எங்கள் காசோலை விழா ஆகஸ்ட் 15.

இதற்குள் அரசும் வந்துவிட்டது. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். மாதம் 1,000 ரூபாய் வங்கிக்கு வருகிறது. அது வரத் தொடங்கிய பிறகு பிள்ளை சமாளித்துக்கொள்ளும். வருவதற்கு முந்தைய நாட்கள்தான் பள்ளம். நாங்கள் இப்போது அந்தப் பள்ளத்தை மட்டும் நிரப்புகிறோம். சேர்க்கைக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து முதல் நாற்பத்தைந்து நாள். விழா இல்லை, மாலை இல்லை. விடுதிக்கு நேராகப் பணம் போகும், மீதி அம்மாவின் கணக்குக்குப் போகும். நீங்கள் எந்த ஊரில் எந்த உதவியைத் தொடங்கினாலும், முதலில் அரசு எதைத் தருகிறது, எந்தத் தேதியில் தருகிறது என்று விசாரியுங்கள். தேதியைக் கேட்க மறக்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எங்களுக்குப் பணம் வருவது ஆடியில். செலவு அடுத்த ஜூனில். நடுவில் மார்ச் 31 வருகிறது. அந்த ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவழித்திருக்க வேண்டும் என்பது விதி. செலவழிக்காவிட்டால், இன்ன நோக்கத்துக்காக இத்தனை ஆண்டுக்கு ஒதுக்கி வைக்கிறோம் என்று கெடுவுக்குள் படிவம் கொடுக்க வேண்டும். ஐந்து ஆண்டுவரை வைக்கலாம். பணம் வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு போன்ற அனுமதிக்கப்பட்ட இடத்தில் இருக்க வேண்டும். மார்ச் கடைசியில் பதறிக் கணினியும் நாற்காலியும் வாங்கிப் போடும் அறக்கட்டளைகளைப் பார்த்திருக்கிறேன். படிவம் அதைவிட மலிவு.

சிங்கப்பூர்ப் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருப்பார். நான் முதலில் கேட்கும் கேள்வி, "தம்பி, உன் பாஸ்போர்ட் நீலமா, சிவப்பா?" நீலம் இந்தியப் பாஸ்போர்ட். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தச் சேமிப்பை முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகாது. சிவப்பு என்றால் அவர் சிங்கப்பூர்க் குடிமகன். நம் சொந்த அத்தை மகனாகவே இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். எஃப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் பத்து டாலர்கூடத் தொடக் கூடாது. அந்தப் பதிவுக்குப் போனால் டெல்லி பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் தனிக் கணக்கு, நிர்வாகச் செலவுக்கு 20 சதவீத வரம்பு, தனிக் கணக்கேடு என்று நீளும். எங்கள் அளவுக்கு அது தாங்காது. சிவப்புப் பாஸ்போர்ட்காரர்களை நன்றி சொல்லி அனுப்பிவிடுகிறேன். கோபித்துக்கொள்கிறார்கள்.

பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டுப் பதிவெண் வாங்கினால்தான் பேச்சே தொடங்கும். பெரும்பாலும் மூன்று ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். கிடைத்தால் நல்லது. அவர்கள் கேட்கும் அறிக்கையை எழுத ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளின் சம்பளத்துக்குப் பணம் தர மாட்டார்கள்.

அந்தச் சம்பளம்தான் இன்றைய அறக்கட்டளைகளின் நடுமுதுகு வலி. நோட்டுப் புத்தகத்துக்குப் பணம் கேளுங்கள், ஒரே நாளில் வரும். கணக்கு எழுதுபவருக்குச் சம்பளம் கேளுங்கள், "சேவைக்குச் சம்பளமா?" என்பார்கள். நாங்களும் பெருமையாக நிர்வாகச் செலவு பூஜ்ஜியம் என்று அச்சடித்தோம். உண்மையில் செயலாளரின் மகள் இரவு பதினொரு மணிவரை இலவசமாக உழைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போனாள். அந்த ஆண்டு நன்கொடையாளர் பட்டியலை 23 நாள் தாமதமாக ஏற்றினோம். நாளுக்கு 200 ரூபாய் வீதம் 4,600 ரூபாய் தண்டம். எங்கள் பூஜ்ஜியத்தின் விலை அது.

வழி கோயிலில் கிடைத்தது. எங்கள் அம்மன் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு வகையறாவின் மண்டகப்படி. இன்ன நாள் இன்னாருடையது. அன்றைய எண்ணெயிலிருந்து மேளக்காரர் கூலிவரை அவர்கள் பொறுப்பு. மேளக்காரருக்கு ஏன் கூலி என்று யாரும் கேட்பதில்லை, மண்டகப்படி கிடைக்கவில்லை என்றுதான் சண்டை. நாங்களும் பன்னிரண்டு மாதத்தைப் பன்னிரண்டு பேருக்குப் பிரித்தோம். அரைநாள் கணக்காளருக்கு மாதம் 7,000. இணையம், அச்சு, தபாலையும் சேர்த்தால் மாதம் மொத்தம் 8,000. "ஆனி மாதம் உங்கள் மண்டகப்படி, அண்ணே" என்று போய்க் கேட்டேன். நிர்வாகச் செலவு என்ற சொல்லை வாயில் எடுக்கவே இல்லை; ஆனால் எதற்கு என்று ஒளிக்காமல் சொன்னேன். ஒன்பது மாதம் ஒரே வாரத்தில் நிரம்பியது. மார்கழி, மாசி, பங்குனிக்குத்தான் அலைந்தேன்.

படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கொடுத்தவர்கள் பிள்ளையின் படம் கேட்பார்கள், வாட்ஸாப்பில் போட. நான் கொடுப்பதில்லை. அந்தப் பிள்ளை நாளை இதே தெருவில் நடக்க வேண்டியவள். விடுதி ரசீதில் பெயரை மறைத்துப் படியெடுத்து அனுப்புகிறேன். முதல் ஆண்டு இரண்டு பேர் விலகினார்கள். தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது என்று சொன்னால் மற்றவர்கள் மேற்கொண்டு பேசுவதில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் கொடுத்திருக்க மாட்டேன் என்பது வேறு.

ஆண்டுக்கு ஒருமுறை ஆவணியில் கணக்கு வாசிப்போம். கோயில் கணக்குப் போலவே, ஒவ்வொரு வரியாக, ஒலிபெருக்கியில். நாற்பது நிமிடம் ஆகும். சுருக்கிச் சொல்லச் சொல்வார்கள், சுருக்காதீர்கள். சென்ற முறை ஒரு பெரியவர் எழுந்து, தேநீர்ச் செலவு 340 ரூபாய் என்று போட்டிருக்கிறதே, எத்தனை பேர் குடித்தீர்கள் என்றார். ரசீது கோப்பில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பஜ்ஜியும் சேர்ந்திருக்கிறது என்று உரக்கச் சொன்னார். கூட்டம் சிரித்தது. பிறகு, பங்குனி மாதம் யாருடையது என்று கேட்டார். ஆளில்லை என்றேன். தம் பெயரை எழுதச் சொன்னார். ஊர், இனிஷியல், பெயர் எழுதிவிட்டுப் பேன் எண் கேட்டேன்.