ஊட்டியின் பழைய நகரை நடந்து பார்ப்பது எப்படி?

ஊட்டிக்கு வருபவர்களில் பலர் படகு இல்லம், பூங்கா, சாக்லேட் கடை என்று வண்டியிலேயே சுற்றிவிட்டு மலையிறங்கிவிடுகிறார்கள். இவற்றுக்கு நடுவே வெள்ளைக்காரர்கள் கட்டிய ஒரு பழைய ஊர் இருக்கிறது. அரை நாளில் நடந்தே பார்த்துவிடலாம். உறவினர்கள் வரும்போதெல்லாம் நான் கூட்டிப்போகும் வழியைச் சொல்கிறேன்.

வார நாளாகப் பார்த்துக் காலை எட்டு மணிக்குப் புறப்படுங்கள். ஊர் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வந்திறங்கிய அன்றே மேடு ஏறினால் மூச்சு வாங்கும். முதல் நாள் ஓய்வெடுத்துவிட்டு மறுநாள் நடப்பது நல்லது. வழுக்காத காலணி, ஒரு ஸ்வெட்டர், வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இந்த மாவட்டத்தில் தடை. சொந்த வண்டியில் வருபவர்கள் இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம்.

முதலில் ரயில் நிலையம். மலை ரயில் 1899-இல் குன்னூரை எட்டியது. ஊட்டிக்கு வர 1908 ஆனது. பல்சக்கரத் தண்டவாளத்தை இங்கே தேடாதீர்கள். அது கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையிலான செங்குத்தான ஏற்றத்தில்தான் இருக்கிறது. பத்து நிமிடம் போதும், நடையைக் கட்டுங்கள்.

அடுத்து மார்க்கெட். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு ஆகியவற்றை இன்றும் நம்மவர்கள் ‘இங்கிலீஷ் காய்கறி’ என்றுதான் சொல்கிறார்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் இங்கே வந்து தங்கியபோது ஐரோப்பியக் காய்களைப் பயிரிட்டுப் பார்த்தார். வாய்ச்சொல்லில் பிழைத்துக் கிடக்கும் வரலாறு இது. கால் கிலோ கேரட் வாங்கிக் கழுவிக் கடித்துக்கொண்டே நடக்கலாம்.

மூன்றாவதாக நீலகிரி நூலகம். 1859-இல் தொடங்கியது; கட்டடத்தை வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம், சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸைக் கட்டிய அதே சிஷோம். உறுப்பினர்களுக்கான நூலகம் என்பதால் வாசலில் அனுமதி கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மறுத்தால் வருந்தாதீர்கள், வெளியே நின்று அந்தப் பெரிய கூர்வளைவு ஜன்னலைப் பார்ப்பதற்கே வந்தது தகும்.

இப்போது புனித ஸ்டீபன் தேவாலயம். அவசரப்படுபவர்கள் மற்ற எதை வேண்டுமானாலும் விடலாம், இதை விடக்கூடாது. நான் முதல்முறை ஞாயிறு காலையில் போய், ஆராதனை முடியும்வரை குளிரில் வெளியே காத்திருந்தேன். அதனால்தான் வார நாள் என்றேன். சென்னை கவர்னர் லஷிங்டன் 1829 ஏப்ரல் 23 அன்று அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டே கட்டி முடித்துவிட்டார்கள்.

உள்ளே போனதும் பீடத்தைப் பார்க்காதீர்கள். தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். கூரையைத் தாங்கும் அந்தப் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இடிக்கப்பட்ட திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தவை. 1799-இல் திப்பு வீழ்ந்தார். முப்பது ஆண்டுகள் கழித்து அவருடைய வீட்டு மரம், நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, ரயிலும் தார்ச்சாலையும் இல்லாத காலத்தில், இந்த மலைமேல் ஏறியிருக்கிறது. யார் தோளில் ஏறியது, எத்தனை நாள் ஆனது? கட்டியவர்கள் பெயர் இருக்கிறது. சுமந்தவர்கள் பெயர் இல்லை. அந்த உத்தரத்தின் கீழ் நிற்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

வெளியே வந்து கல்லறைத் தோட்டத்துக்குள் மெல்ல நடங்கள். சல்லிவனின் மனைவி ஹென்றியட்டாவும் மகள் ஹாரியட்டும் இங்கேதான் இருக்கிறார்கள். பழைய கற்களில் பாசி எழுத்தை மூடியிருக்கும். சுரண்டாதீர்கள், சற்றுப் பக்கவாட்டில் நின்று சாய்ந்த வெயிலில் பார்த்தால் எழுத்து தானாகவே எழும்பித் தெரியும். காலை வெயிலுக்குப் புறப்படச் சொன்னது இதற்கும்தான்.

கால் இன்னும் தாங்கினால் சல்லிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸுக்கும் போகலாம். உள்ளூர் மக்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருப்பதால் வாசலில் கேட்டுக்கொண்டு போக வேண்டும். சிறு குழந்தைகள் உடன் இருந்தால் அதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கத்தில் சேரிங் கிராஸ் வந்துவிடும். நடுவில் நிற்கும் நீரூற்று, 1881-இல் இங்கேயே இறந்த கவர்னர் ஆடம் நினைவாக 1886-இல் எழுப்பப்பட்டது. வாகன நெரிசல் மிகுந்த இடம், ஓரமாக நின்று பாருங்கள். சூடாக ஒரு டீ, இரண்டு வர்க்கி பிஸ்கட். ஊட்டி வர்க்கியை முதல் கடியில் உதிரவிடாமல் சாப்பிட முடியாது, கைக்குட்டை விரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தாவரவியல் பூங்கா. வெள்ளைக்காரர்களுக்குக் காய்கறி விளைவிக்கத் தொடங்கிய தோட்டம். 1848-இல் தோட்டக்கலை வல்லுநர் மெக்ஐவர் பொறுப்பேற்று இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். புல்வெளியோடு திரும்பிவிடாமல் மேலே ஏறிக்கொண்டே போங்கள். உச்சியில் ஒரு தோடர் மந்து, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு, இருக்கிறது. தேவாலயத்துக்கும் நூலகத்துக்கும் முன்பே இந்த மலையில் வாழ்ந்தவர்கள் அவர்கள். நிலம் தோடர்களுக்கே உரியது என்று சல்லிவனே தன் மேலிடத்தோடு வாதாடியிருக்கிறார். அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள், காட்சிப்பொருள் அல்ல. வீட்டு முற்றத்தில் பெரியவர்கள் யாராவது இருந்தால் வணக்கம் சொல்லுங்கள், கேட்காமல் கேமராவை எடுக்காதீர்கள். பிறகு திரும்பி நின்று கீழே பாருங்கள்: காலையிலிருந்து நீங்கள் நடந்த ஊர் முழுவதும் அவர்கள் வாசலுக்குக் கீழே கிடக்கும்.