போருக்குப் போயிட்டு வந்தவருக்கு அரியர்ஸ் வாங்கிக் குடுக்குறது எப்படி

நம்ம தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் பக்கம் 1971 சண்டைக்கோ கார்கிலுக்கோ போயிட்டு வந்த பெரியவருக்கு சம்பள பாக்கியோ பென்ஷன் அரியர்ஸோ நிக்குதுன்னா, மொதல்ல அவரோட டிரங்குப் பெட்டியத் தொறந்து டிஸ்சார்ஜ் புக் (படையிலேர்ந்து விடுவிச்சப்போ குடுத்த புத்தகம்), பிபிஓ (பென்ஷன் குடுக்கச் சொல்ற ஆணை) ரெண்டையும் எடுங்க. உப்புக்காத்துல தாளெல்லாம் ஒட்டிப்போயி மடிப்புல விட்டுருக்கும், இழுக்காம மெதுவா பிரிச்சு அன்னைக்கே ஸ்கேன் பண்ணிருங்க.

அடுத்து பேரு. இதுலதான் நெறைய சிக்கல், டிஸ்சார்ஜ் புக்ல ஒரு ஸ்பெல்லிங், ஆதார்ல வேற, பாஸ்புக்ல இனிஷியல் முன்னபின்ன இருக்கும், அப்படி இருந்தா ஸ்பர்ஷ்ல (ராணுவ பென்ஷனுக்கான ஆன்லைன் போர்ட்டல்) ஃபைல் நகராது, அத முதல்ல சரி பண்ணுங்க.

அப்புறம் ராமநாதபுரம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவரையும் கூட்டிட்டுப் போங்க, மனு எழுத உதவுவாங்க. பாதி குடுங்க நான் வாங்கித் தர்றேன்னு வர்ற புரோக்கர கிட்டயே சேக்காதீங்க, அது உயிரக் குடுத்து உழைச்ச காசுங்க.

மனு அவரோட ரெக்கார்டு ஆபீசுக்குப் (அவரோட படைப்பிரிவு சர்வீஸ் பதிவேடு இருக்குற ஆபீஸ்) போகணும், மெட்ராஸ் ரெஜிமெண்ட்னா வெலிங்டன், எம்இஜின்னா (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) பெங்களூரு. சர்வீஸ் நம்பர் போட்டு, எந்தத் தேதியிலேர்ந்து எந்தப் பணம் வரலன்னு எழுதி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, ரசீது பத்திரம்.

பதிலே இல்லன்னா ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போடுங்க, 30 நாள்ல பதில் சொல்லியாகணும். அதுக்கும் மசியலன்னா சென்னையில ஆயுதப்படை தீர்ப்பாயம் இருக்கு. தள்ளிப்போடாதீங்க, உச்ச நீதிமன்றத்தோட 2008 தீர்ப்புப்படி பென்ஷன் பாக்கி கேஸ்ல பொதுவா கேஸ் போட்டதுக்கு முந்தின 3 வருஷ அரியர்ஸ்தான் கெடைக்கும், லேட்டாகுற ஒவ்வொரு மாசமும் அவருக்கு ஒரு மாசக் காசு போச்சு.