மஞ்சள் கடுதாசிக்குப் பிறகு: ஐ.பி. வழக்கு எப்படி முடிகிறது?

மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால் கடன் தொலைந்தது என்று நம் ஊர்களில் சொல்வது பாதிதான் உண்மை. சென்னைக்கு வெளியே தனிநபரின் ஐ.பி. மனு (கடனைக் கட்ட முடியாமல் நொடித்துவிட்டதாக நீதிமன்றத்தில் தரும் மனு) இன்றும் 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டத்தின்படியே நடக்கிறது. 2016இல் வந்த புதிய திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

முதல் படி, உத்தரவைப் படிப்பது. நீதிமன்றம் உங்களை நொடித்தவர் என்று அறிவித்ததும் சொத்து, அதை நிர்வகிக்க நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர் பொறுப்புக்குப் போகும். கடன் கொடுத்தவர் நீதிமன்ற அனுமதியின்றித் தனியாக வசூல் வழக்குப் போட முடியாது. ஆனால் கடன் அப்படியே நிற்கிறது. நீதிமன்றம் கடன்களிலிருந்து உங்களுக்கு விடுவிப்பு தருவதற்குள் நீங்கள் புதிதாகச் சேர்க்கும் சொத்தும் ரிசீவரையே சேரும். எத்தனை காலத்துக்குள் விடுவிப்புக் கோர வேண்டும் என்ற வரியும் அதே உத்தரவில் இருக்கும். சான்றிட்ட நகல் வாங்கி, அந்த வரியை அடிக்கோடிட்டு, கெடு நாளை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

அடுத்த படி, கெடுவுக்குள் விடுவிப்பு மனு. இதைத் தவறவிட்டால் 43ஆம் பிரிவின்படி நொடிப்பு உத்தரவே ரத்தாகும். பட்ட பாடெல்லாம் வீணாகி, கடன் கொடுத்தவர்கள் மறுபடியும் வாசலுக்கு வருவார்கள். தாமதமாகும் என்று தெரிந்தால் முன்கூட்டியே கால நீட்டிப்புக் கேளுங்கள்.

விசாரணையில் நீதிமன்றம் முழு விடுவிப்பு தரலாம், மறுக்கலாம், தள்ளிப்போடலாம், அல்லது இனி வரும் வருமானத்தில் ஒரு பங்கு கட்டவேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். வியாபாரிகள் இங்கே கவனிக்க வேண்டும்: மனுவுக்கு முந்தைய 3 ஆண்டுகளின் கணக்குப் புத்தகங்களை முறையாக வைக்காதிருந்தால் முழு விடுவிப்பு கிடைக்காது.

விடுவிப்பு கிடைத்த பின்னும் அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி, மோசடியால் ஏற்பட்ட கடன், ஜீவனாம்சம் ஆகியவை தொடரும். உங்களுக்காக ஜாமீன் கையெழுத்திட்ட மைத்துனரும் விடுபடமாட்டார்; அவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவதே நியாயம்.

விடுவிப்பு வரும்வரை, உங்கள் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்குவது 6 மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். உள்ளாட்சிப் பதவிக்கான தகுதி இழப்பு நீங்க, துரதிர்ஷ்டத்தால்தான் நொடித்தீர்கள், உங்கள் மீது தவறில்லை என்ற சான்றும் வேண்டும். அதை விடுவிப்பு மனுவிலேயே சேர்த்துக் கேளுங்கள்.